வேலையைப் பகிரலாம், பொறுப்பைப் பகிரலாமா?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் பேசுவது நாங்கள் மூவர். உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இன்று ஒருத்தி வைத்தியர், ஒருத்தி ரொறன்ரோவில் மென்பொருள் பொறியியலாளர், ஒருத்தி கணித ஆசிரியை. “செயற்கை நுண்ணறிவும் நாங்களும்” என்ற பொதுவான தலைப்பைச் சங்கம் தந்தது. அது பெரிய கடல். அதில் நாங்கள் கால் நனைத்த ஒரு துறையைப் பற்றி மட்டும் பேசலாம் என்று மூவரும் முடிவு செய்தோம். பல செயற்கை நுண்ணறிவு முகவர்களை ஒரே நேரத்தில் வேலைக்கு விட்டு ஒரு மென்பொருளின் வழுக்களைத் திருத்திய கதை இது. அதில் நாங்கள் விட்ட பிழையும் உண்டு. அந்தப் பிழையைச் சொல்லத்தான் முக்கியமாக வந்திருக்கிறோம்.

முதலில் இந்த மண்டபத்திலிருந்தே தொடங்குவோம். பரிசளிப்பு விழாவுக்கு முதல் வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கதிரைகளுக்கு இலக்கம் ஒட்ட ஒரு குழு, மாலை கட்ட ஒரு குழு, அழைப்பிதழ் கொண்டுபோக ஒரு குழு, பாட்டுக்கு ஒன்று, நாடகத்துக்கு ஒன்று. நாங்கள் மாணவத் தலைவிகளாக இருந்த வருடம் வேலைகளை அழகாகப் பிரித்துக் கடதாசியில் எழுதி, பொறுப்பாசிரியையிடம் பெருமையோடு நீட்டினோம். அவர் வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இதிலை ஆர் ஆற்றை சாமானிலை கைவைக்கப் போறியள்? அதை முதல் சொல்லுங்கோ.” அப்போதுதான் பார்த்தோம். பாட்டுக் குழுவுக்கும் நாடகக் குழுவுக்கும் மேடை ஒன்று, நேரமும் ஒன்று. மாலை கட்டுபவர்களும் நாடகக் குழுவும் கேட்டிருந்தது ஒரே நூல்கட்டை. கடதாசியில் தனித்தனி வேலைகள், நிலத்தில் அவை தனித்தனி அல்ல. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு மிகுதியைக் கேளுங்கள்.

முகவர் என்றால் என்ன? கேள்வி கேட்டால் பதில் எழுதும் உரையாடல் நிரல்களை இன்று எல்லோரும் அறிவோம். முகவர் அதிலிருந்து ஒரு படி மேலே. அதற்கு ஒரு குறிக்கோளும் சில கருவிகளும் கொடுக்கப்படுகின்றன. கோப்பைத் திறந்து வாசிக்கும், திருத்தும், நிரலை இயக்கிப் பார்க்கும், பிழை வந்தால் அந்தச் செய்தியை வாசித்து மறுபடி திருத்தும். வேலை முடிந்தது என்று தான் கருதும்வரை இந்தச் சுற்றைத் தொடரும். ஒரு முகவர் அப்படி வேலை செய்யுமானால் நாலு முகவர்களை நாலு இடத்தில் விடலாமே என்ற எண்ணம் எவருக்கும் வரும். எங்களுக்கும் வந்தது.

நாங்கள் திருத்த வேண்டியிருந்தது நீரிழிவு கிளினிக் ஒன்றுக்காக எழுதப்பட்ட சிறிய மென்பொருள். நோயாளரைப் பதிவது, ஆய்வுகூட முடிவுகளைப் பெற்று வரைபடமாகக் காட்டுவது, மருந்துச் சுட்டி அச்சிடுவது, அடுத்த திகதி கொடுப்பது ஆகியவைதான் அதன் வேலை. அதன் அடித்தளத்தில் சில பகுதிகளைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும், அதுவரை சரியாக ஓடிய தன்னியக்கச் சோதனைகளில் 14 தோற்றுப்போயின. தன்னியக்கச் சோதனை என்பது, “இதைக் கொடுத்தால் இது வரவேண்டும்” என்று முன்கூட்டியே எழுதிவைத்த பரீட்சைத்தாள் போன்றது. செவ்வாய்க்கிழமை கிளினிக். எங்களிடம் இருந்தது ஒரு வார இறுதி.

14 தோல்விகளைக் கண்டதும் 14 முகவர்களை அனுப்பலாமா என்று கேட்டது எங்களில் வைத்தியர்தான். அவருடைய தொழிலே அந்த யோசனையை மறுக்கிறது. காய்ச்சல், இருமல், நெஞ்சுநோ என்று மூன்று முறைப்பாடுகளோடு ஒருவர் வந்தால் மூன்று வைத்தியரிடம் அனுப்பமாட்டோம். மூன்றும் ஒரு நியுமோனியாவாக இருக்கலாம். ஆகவே அறிகுறிகளை எண்ணாமல் நோய்களை எண்ணத் தொடங்கினோம். வெள்ளி இரவு முழுவதும் அதற்கே போனது. கடைசியில் 14 அறிகுறிகளும் நாலு காரணங்களுக்குள் அடங்கின.

முதலாவது, தமிழ்ப் பெயர்களைத் தேடினால் கிடைக்கவில்லை. கணினியின் யுனிகோட் முறையில் “கொ” என்பதன் கொம்பையும் அரவையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு அவை வேறு வேறு. ஒரே கொமதி இரண்டு நோயாளராகிவிடுவார். ஐந்து சோதனைகள் இதனால் தோற்றிருந்தன.

இரண்டாவது, திகதி. கணினி உலக நேரத்தில் பதிந்தது. இலங்கை நேரம் அதிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. அதனால் அதிகாலை 5.30க்கு முன் பதிந்தவர்கள் எல்லோரும் முதல்நாள் பட்டியலுக்குப் போனார்கள். தூர இடங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து வரிசையில் நிற்பவர்கள்தான் அவர்கள். நாலு சோதனைகள் இதில்.

மூன்றாவது, ஆய்வுகூட முடிவுகளை உள்வாங்கும் பகுதி. நாலாவது, அவற்றை வரைபடமாகக் காட்டும் பகுதி. முன்னதில் மூன்று, பின்னதில் இரண்டு தோல்விகள். இரண்டும் வேறு வேறு கோப்புகள். ஒருவரின் கோப்பில் மற்றவர் கைவைக்கத் தேவையில்லை. ஆகவே தனித்தனிப் பிரச்சினைகள் என்று குறித்தோம். எங்கள் பிழை தொடங்கியது இங்கேதான்.

நாலு முகவர்களுக்கும் தனித்தனிக் கடிதம் எழுதினோம். எங்களுக்குள் அதை “இடமாற்றுக் கடிதம்” என்றே சொல்லிக்கொண்டோம். ஒரு நோயாளியை வேறு வைத்தியசாலைக்கு அனுப்பும்போது எழுதுவது போலத்தான் அதுவும். அங்கே இருப்பவருக்கு எங்கள் வாட்டில் நடந்தது எதுவும் தெரியாது. கடிதத்தில் உள்ளதுதான் அவருக்கு உலகம். முகவரும் அப்படியே. ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் ஐந்து விடயங்களை எழுதினோம். எந்தச் சோதனைகள் தோற்கின்றன, பிழைச் செய்தி என்ன, எந்தக் கோப்புகளைத் தொடலாம், எவற்றைத் தொடக்கூடாது, முடிந்ததும் என்ன அறிக்கை தரவேண்டும் என்பன. “எல்லாவற்றையும் சரிசெய்” என்று எழுதினால் அது எல்லாவற்றிலும் கைவைக்கும். “அதிகாலைப் பதிவுகளின் திகதியை மட்டும் சரிசெய், காரணத்தைச் சொல், சோதனைத்தாளை மாற்றாதே” என்று எழுதினால் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் நிற்கும். பெரும்பாலும் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

அடுத்து, நால்வருக்கும் தனித்தனி மேசை வேண்டும். ஒரே கொப்பியில் நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 2005இல் லினக்ஸின் மூலகர்த்தாவான லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய “கிட்” என்ற கருவியை உலகெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஒரே நிரலைத் தனித்தனிப் பிரதிகளாகப் பிரித்து வேலை செய்யவும் பின்னர் ஒன்றிணைக்கவும் அது உதவுகிறது. ஒவ்வொரு முகவருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். நோயாளரின் உண்மையான விபரம் எதையும் கொடுக்கவில்லை. எங்கள் கற்பனையில் பிறந்த நோயாளர்களை மட்டுமே கொடுத்தோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நோயாளியின் இரகசியம் காப்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

ஒரு மணித்தியாலத்துக்குள் நாலு அறிக்கைகளும் வந்தன. நாலும் “வெற்றி” என்றன.

ரொறன்ரோத் தோழி அறிக்கைகளை நம்பாமல், மாற்றப்பட்ட வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். திகதியைத் திருத்தப் போன முகவர் மூன்று சோதனைகளை ஒழுங்காகச் சரிசெய்திருந்தது. நாலாவதில், நிரலைத் திருத்தாமல், சோதனைத்தாளில் எதிர்பார்த்த விடையையே மாற்றி எழுதியிருந்தது. தொடாதே என்று எழுதியிருந்தும் தொட்டிருந்தது. காய்ச்சல்காரரின் வெப்பமானியைக் குளிர்நீரில் தோய்த்துவிட்டுக் காய்ச்சல் விட்டது என்று எழுதுவதற்கு ஒப்பானது இது. அந்தத் திருத்தத்தைத் திருப்பி அனுப்பினோம். இரண்டாவது முறை சரியாக வந்தது.

பிறகு நாலு பிரதிகளையும் ஒன்றிணைத்தோம். மோதல் எதுவும் இல்லை. முழுச் சோதனைத் தொகுதியையும் ஓடவிட்டோம். ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஞாயிறு பின்னேரம். செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் நேரடியாகப் பாவிப்போம் என்று அவசரப்பட்டதும் எங்களில் வைத்தியர்தான். வெயிலில் நிற்கும் வரிசை அவருடைய கண்முன்னால் நின்றது. கணித ஆசிரியை மறுத்தார். “விடை சரியெண்டதுக்காக வழி சரியெண்டு நாங்கள் புள்ளி போடுறேல்லை” என்றார். வட்ஸ்அப்பில் கோபமான வார்த்தைகள் சில பறந்தன. கடைசியில் திங்கட்கிழமை ஒரு தாதிய உத்தியோகத்தரை இருத்தி, கற்பனை நோயாளர்களை ஒரு முழுக் கிளினிக் போல நடத்திப் பார்ப்பது என்று சமாதானமானோம்.

பத்தாவது நோயாளி வரையில்தான் போனோம். அவர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “டொக்டர், இது சரியோ? எல்லாருக்கும் வரைபடம் வெறுமையாக் கிடக்கு, இவருக்கு மட்டும் 972 எண்டு நிக்குது.”

நடந்தது இதுதான். குருதியில் குளுக்கோசை அளக்க இரண்டு அலகுகள் உண்டு. ஒன்று லீற்றருக்கு மில்லிமோல், மற்றது டெசிலீற்றருக்கு மில்லிகிராம். முன்னதை 18ஆல் பெருக்கினால் பின்னது வரும். புதிய பதிப்பில் முடிவுகள் மில்லிமோலில் வரத் தொடங்கியிருந்தன. மூன்றாம் முகவர் உள்வாங்கும் இடத்தில் 18ஆல் பெருக்கியது. நாலாம் முகவர் வரையும் இடத்தில் 18ஆல் பெருக்கியது. இரண்டும் தனித்தனியே சரியான திருத்தங்கள். இரண்டும் சேர்ந்தபோது 7 என்பது 126 ஆகி, 126 என்பது 2268 ஆகியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்களைத் தட்டச்சுப் பிழை என்று கருதி மறைக்கும் விதியொன்று மென்பொருளில் முன்பே இருந்தது. அதனால் வரைபடங்கள் வெறுமையாகின. ஆனால் பத்தாவது நோயாளிக்கு நாங்கள் கொடுத்திருந்த அளவு 3. அது 54 ஆகி, 54 என்பது 972 ஆகியது. ஆயிரத்துக்குக் குறைவென்பதால் திரையில் வந்து நின்றது.

வைத்தியத் துறையில் உள்ள சகோதரிகளுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். 54 என்றால் சீனி ஆபத்தாகக் குறைந்துவிட்டது, உடனே இனிப்புக் கொடுக்கவேண்டும். 972 என்றால் சீனி மிக ஆபத்தாக ஏறிவிட்டது, இன்சுலின் தேவை. சீனி குறைந்து மயங்கப்போகும் ஒருவருக்கு, திரையை நம்பி இன்சுலின் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை இந்த மேடையில் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. அந்த நோயாளி எங்கள் கற்பனையில் மட்டும் இருந்தவர். செவ்வாய்க்கிழமை வந்திருப்பவர்கள் கற்பனை அல்ல.

சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை? உள்வாங்குவதைச் சோதிக்கும் தாள் உள்வாங்குவதை மட்டும் பார்த்தது. வரைவதைச் சோதிக்கும் தாள் வரைவதை மட்டும் பார்த்தது. ஓர் எண் உள்ளே வந்து, சேமிக்கப்பட்டு, திரைக்குப் போகும் முழு வழியையும் பின்தொடர்ந்த சோதனை ஒன்றுகூட இருக்கவில்லை. இரு முகவர்களும் ஒருவரின் கோப்பில் மற்றவர் கைவைக்கவில்லை. ஆனால் இருவரும் ஒரே எண்ணில் கைவைத்தார்கள். எங்கள் ஆசிரியையின் கேள்வி “ஆற்றை சாமானிலை” என்பது. நாங்கள் கோப்புகளைத்தான் சாமான் என்று எண்ணினோம். அந்த எண்ணின் அலகும் ஒரு சாமான் என்பதை மறந்துவிட்டோம்.

இது எங்கள் மூவருக்கும் மட்டும் நேர்ந்த மடைமை அல்ல. தெராக்-25 என்ற கதிர்ச் சிகிச்சை இயந்திரத்தின் கதையை வைத்திய மாணவர் எல்லோரும் படிக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளர்கள் அந்த இயந்திரத்திடமிருந்து மிகப் பெரிய அளவில் மிகைக்கதிர் வாங்கினார்கள். சிலர் அதனாலேயே இறந்தார்கள். இயந்திரத்தின் மென்பொருளில் பல பணிகள் ஒரே நேரத்தில் ஓடின. சில தகவல்களை அவை பொதுவில் பகிர்ந்தன. 1986இல் டெக்சாஸில் நடந்த விபத்துகளில், இயக்குநர் கதிரின் வகையைத் தவறாகத் தட்டச்சிட்டு, உடனேயே மேலே போய்த் திருத்தினார். இயந்திரத்தின் காந்தங்கள் நிலைக்கு வர எட்டு விநாடி அளவில் தேவை. அந்த எட்டு விநாடிக்குள் திருத்தினால், ஒரு பணி திருத்தத்தை அறிந்தது, மற்றது அறியவில்லை. மெதுவாகத் தட்டச்சிட்ட காலத்தில் வழு தலைகாட்டவில்லை. கை பழகி வேகம் வந்தபோதுதான் ஆட்களைக் கொன்றது. முந்திய இயந்திரங்களில் இருந்த பொறிமுறைத் தடைகளை நீக்கி, மென்பொருளை மட்டும் நம்பியதும் ஒரு காரணம். நான்சி லெவெசனும் கிளார்க் டேர்னரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகச் சொல்கிறது. ஒரே நேரத்தில் பல கைகள் வேலை செய்யும் இடமெல்லாம் இந்த ஆபத்து இருக்கிறது. அந்தக் கைகள் மனிதருடையவையா, நிரலுடையவையா, முகவருடையவையா என்பது இரண்டாம் கேள்வி.

அப்படியானால் இந்த முறை வேண்டாமா? வேண்டும் என்றே சொல்கிறோம், அளவோடு. கணித ஆசிரியையின் பங்குக்கு ஒரு கணக்கு. ஜீன் அம்டால் என்ற கணினி விஞ்ஞானி 1967இல் எடுத்துக்காட்டிய உண்மை இது. பத்து மணித்தியால வேலை ஒன்றில் ஆறு மணித்தியாலத்தைப் பலருக்குப் பிரிக்கலாம், நாலைப் பிரிக்கமுடியாது என்று வையுங்கள். மூன்று பேரை விட்டால் ஆறு இரண்டாகும், மொத்தம் ஆறு மணித்தியாலம். ஆறு பேரை விட்டால் ஐந்து. ஆயிரம் பேரை விட்டாலும் நாலுக்குக் கீழே இறங்காது. எங்கள் வேலையில் பிரிக்கமுடியாத அந்த நாலு எது? காரணங்களை இனங்காண்பதும் கடைசியில் சரிபார்ப்பதும். முகவர்கள் திருத்த எடுத்தது ஒரு மணித்தியாலம்கூட இல்லை. முன்னும் பின்னும் நாங்கள் எடுத்தது மூன்று இரவுகள்.

செலவும் உண்டு. ஆந்த்ரொபிக் நிறுவனம் 2025 யூனில் தன் பல்முகவர் ஆய்வு முறையைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், சாதாரண உரையாடலோடு ஒப்பிட இத்தகைய முறைகள் ஏறத்தாழ 15 மடங்கு சொற்கூறுகளைச் செலவிடுகின்றன என்று தெரிவித்தது. நிரலாக்க வேலைகளில் உண்மையாகவே பிரிக்கக்கூடிய பங்கு தேடலாய்வில் உள்ளதைவிடக் குறைவு என்றும் அதே கட்டுரை ஒப்புக்கொண்டது. செய்பவர்களே அப்படிச் சொல்லும்போது பாவிப்பவர்கள் நாங்கள் காதுகொடுப்பது நல்லது.

ஆகவே நாங்கள் இப்போது கடைப்பிடிக்கும் ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அறிகுறிகளைப் பிரிக்காமல் காரணங்களைப் பிரிக்கிறோம். இரண்டு வேலைகள் ஒரே கோப்பையோ, ஒரே எண்ணையோ, ஒரே அலகையோ, ஒரே வழக்கத்தையோ தொடுமானால் அவற்றை ஒரே முகவரிடம், ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கிறோம். ஐயம் இருந்தாலும் அப்படியே. முகவரின் அறிக்கையை வாசித்தாலும் முடிவெடுப்பது மாற்றப்பட்ட வரிகளைப் பார்த்துத்தான். ஒவ்வொரு திருத்தத்தையும் தனித்தனியே இணைத்து, ஒவ்வொரு முறையும் முழுவதையும் சோதிக்கிறோம். வாசலில் பதிவதிலிருந்து மருந்துச் சுட்டி வரை ஒரு கற்பனை நோயாளியை நடத்திப் பார்க்கும் சோதனையை நிரந்தரமாகச் சேர்த்திருக்கிறோம். மென்பொருளில் எந்த எண்ணும் இப்போது தன் அலகை எழுதாமல் தனியே நிற்பதில்லை. கடைசியாக, வேலை தெரிந்த, ஆனால் நிரல் தெரியாத ஒருவரை இருத்திப் பார்க்காமல் எதையும் பாவனைக்கு விடுவதில்லை. அன்று பிழையைக் கண்டவர் முகவரும் அல்ல, பொறியியலாளரும் அல்ல, வைத்தியரும் அல்ல. 972 என்ற எண்ணை ஒரு மனிதரின் குருதியாகப் பார்க்கப் பழகிய ஒரு தாதி.

மென்பொருள் அந்தச் செவ்வாய்க்கிழமை பாவனைக்கு வரவில்லை. வரிசை வழமைபோலக் கொப்பியில் நடந்தது. மூன்று வாரம் பிந்தி வந்தது. அந்த மூன்று வாரத்துக்காக நாங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. முகவர்கள் இனி உங்கள் காலத்து வேலையாட்கள். எங்களைவிட லாவகமாக அவற்றை நடத்துவீர்கள். “இனி எதற்குப் படிக்கவேண்டும்?” என்று உங்களில் சிலர் கேட்பது எங்கள் காதிலும் விழுகிறது. மில்லிமோல் என்றால் என்ன என்று இரசாயனவியல் வகுப்பில் கவனித்தவர்களால்தான் அந்த 18 எங்கிருந்து வந்தது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிந்தது. வேலையை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், நானூறு முகவர்களுக்கும் கொடுக்கலாம். நோயாளியின் அட்டையின் கீழே கையொப்பம் வைப்பவர் ஒருவர்தான். அந்தக் கையொப்பத்தை வைக்கத் தகுதியானவர்களாக வாருங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். வெளிநாட்டுக் கிளைகளில் மென்பொருள் துறையில் இருக்கும் பழைய மாணவியர் பலர் இருக்கிறீர்கள். இங்கே வைத்தியசாலைகளிலும் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களும் இருக்கிறோம். நிரல் தெரிந்தவர்களையும் வேலை தெரிந்தவர்களையும் ஒரே மேசையில் இருத்தும் விடுமுறைப் பட்டறை ஒன்றை, உயர்தர மாணவிகளுக்காக, வருடந்தோறும் நடத்துவோம். நாங்கள் மூவரும் முதலாவதாகப் பெயர் தருகிறோம்.

வேலையைப் பிரிக்குமுன் கேட்கவேண்டிய கேள்வியை எங்களுக்குக் கற்றுத்தந்த ஆசிரியை இன்று எங்களோடு இல்லை. அவருக்கும், அவரைப் போன்றவர்களை நூறு வருடமாக எங்களுக்குத் தந்த இந்தப் பாடசாலைக்கும் எங்கள் நன்றி.